குயில் ஏறும் படிக்கட்டு: ஒலியைக் கண்ணால் படிப்பது பற்றி

பங்குனி மாதத்து விடியற்காலை. மொட்டை மாடியில் நானும் என் தங்கையின் ஒன்பது வயது மகளும் உட்கார்ந்திருந்தோம். கைப்பேசியில் ஒலியைப் படமாக வரைந்து காட்டும் செயலி ஒன்றைத் திறந்து அவளிடம் கொடுத்திருந்தேன். திரையில் சாம்பல் நிறப் பட்டை ஒன்று மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு வேப்பமரத்தில் குயில் கூவும்போதெல்லாம் அந்தப் பட்டையில் ஒரு கரிய கொக்கி விழுந்தது. முதல் கொக்கி தாழ்வாக விழுந்தது. அடுத்தது அதைவிடச் சற்று மேலே. அதற்கடுத்தது இன்னும் மேலே. ஏழெட்டுக் கொக்கிகள் ஆனதும் குயில் சட்டென்று நிறுத்திக்கொண்டது. “மாமா, குயில் படிக்கட்டு ஏறுகிறது” என்றாள்.

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குயிலைக் கேட்டு வருகிறேன். ஒவ்வொரு கூவலும் முந்தையதைவிடச் சுருதி ஏறி வருகிறது என்பது என் காதில் விழுந்துகொண்டேதான் இருந்திருக்கும். ஆனால் நான் கவனித்ததில்லை. மறுநாள் காலையில் கைப்பேசி இல்லாமலே அது எனக்குக் கேட்டது. கண்ணில் பட்டது காதுக்குப் போய்ச் சேர ஒரு நாள் ஆகியிருக்கிறது. இனிமேல் அதைக் கேட்காமல் இருக்க என்னால் முடியாது.

படத்தைப் படிக்கக் கற்றுக்கொள்வதும் ஒலியைப் படிக்கக் கற்றுக்கொள்வதும் நம் பள்ளிகளில் தனித்தனிப் பாடவேளைகள். ஓவிய ஆசிரியர் ஒரு பக்கம், பாட்டு ஆசிரியர் மறு பக்கம். தேர்வு நெருங்கினால் இரண்டு வேளைகளையும் கணக்குக்குக் கொடுத்துவிடுவார்கள். இரண்டுமே பொழுதுபோக்குக்கான கலைகள், அறிவுக்கு நேரடித் தொடர்பில்லாதவை என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. இது தவறு என்பதற்குக் கடந்த எழுபது ஆண்டு விலங்கியலே சாட்சி. பறவைகள், திமிங்கிலங்கள், யானைகள் ஆகியவற்றின் பேச்சைப் பற்றி மனிதர்கள் தெரிந்துகொண்டவற்றில் பெரும்பகுதி, இந்த இரண்டு படிப்புகளும் ஒரே ஆளிடம் கூடியபோது கிடைத்தது.

முதலில் அந்தப் படம் என்ன என்று பார்த்துவிடலாம். ஆங்கிலத்தில் ஸ்பெக்ட்ரோகிராம் என்பார்கள். ஒலிவரைபடம் என்று வைத்துக்கொள்வோம். இடமிருந்து வலமாகக் காலம். கீழிருந்து மேலாகச் சுருதி, அதாவது அதிர்வெண். ஒலி எவ்வளவு வலுவோ கோடு அவ்வளவு கருமை. இசைக்குறிப்பைப் போலத்தான், எழுதுகிறவர் மட்டும் மனிதர் அல்ல. நேரமிருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு “பாடி” என்று சொல்லுங்கள், பிறகு “பாட்டி” என்று சொல்லுங்கள். நெடில் ஆகாரம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கிடைக்கோடுகளாகத் தெரியும். “பாட்டி”யில் அந்தக் கோடுகள் அறுந்து, நடுவில் ஒரு வெள்ளை இடைவெளி விழும். அதன் பிறகே இகரம் தொடங்கும். அந்த வெள்ளைதான் ‘ட்’. நாக்கு மேலண்ணத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் மௌனம். வல்லின ஒற்று என்று நாம் இலக்கண வகுப்பில் படித்தது, ஒலி இல்லாத ஓர் இடம் என்று முதல்முறையாகக் கண்ணால் பார்த்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

அந்த நேரத்தில் தொல்காப்பியத்தின் நூன்மரபு நினைவுக்கு வந்தது. “கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை” என்கிறது நூற்பா. எழுத்தொலியின் நீளத்தை அளக்க இரண்டு அளவுகோல்கள்: கண் ஒருமுறை இமைக்கும் நேரம், விரலை ஒருமுறை நொடிக்கும் நேரம். இமைப்பது கண்ணுக்குத் தெரிவது. நொடிப்பது காதுக்குக் கேட்பது. ஒலியை அளக்க உட்கார்ந்தவர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். “நுண்ணிதின் உணர்ந்தோர் கண்ட ஆறே” என்று நூற்பா முடிகிறது. ஆறு என்றால் இங்கே வழி. உணர்ந்தோர் கேட்ட ஆறு அன்று, கண்ட ஆறு. இந்தச் சொல்லுக்கு நான் கூடுதல் பாரம் ஏற்றுகிறேன் என்று இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லக்கூடும். ஏற்றிப் பார்ப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

ஒலிவரைபடக் கருவியை உருவாக்கியது அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில். போர் முடிந்து 1947இல் ‘கண்ணுக்குத் தெரியும் பேச்சு’ என்ற பொருள்படும் தலைப்பில் அதைப் பற்றிய நூல் வெளிவந்தது. காது கேளாதவர்கள் பேச்சைப் படமாகப் பார்த்துப் படிக்கலாம் என்பது அதில் இருந்த பெரிய நம்பிக்கை. ஓடிக்கொண்டிருக்கும் பேச்சை ஓடுகிற வேகத்தில் கண்ணால் படிப்பது மிகக் கடினம் என்பதால் அது அன்றாட வழக்காக மாறவில்லை. ஆனால் கருவி பரவியது. 1951 முதல் விற்பனைக்கு வந்த இயந்திரத்தில் ஒரு தாளை உருளையில் சுற்றுவார்கள். உருளை சுழலச் சுழல ஒரு முள் தாளைக் கருக்கிப் படம் வரையும். ஒரு தாளுக்கு 2.4 விநாடி ஒலி. அரை மணி நேர ஒலியை வரைய வேண்டுமென்றால் 750 தாள்கள்.

இந்தக் கருகிய தாள்களை வைத்துக்கொண்டுதான் கேம்பிரிட்ஜில் வில்லியம் தோர்ப், சாஃபிஞ்ச் என்ற சிறு பறவையின் பாட்டை ஆராய்ந்து 1954இல் கட்டுரை வெளியிட்டார். பெரிய பறவைகளின் பாட்டைக் கேட்காமலே வளர்க்கப்பட்ட குஞ்சுகளும் பாடின. பாட்டின் நீளம் ஏறக்குறைய சரியாகவே இருந்தது. ஆனால் அதற்குரிய பகுதிகளும் முடிப்பும் கூடி வரவில்லை. பிறவியில் வருவது எது, கேட்டுக் கற்பது எது என்று பறவைப் பாட்டில் பிரித்துக் காட்ட முடிந்தது, இரண்டு தாள்களை அருகருகே வைத்துப் பார்க்க முடிந்ததால். ஒலி காற்றில் கரைந்துவிடும். நேற்றைய ஒலியையும் இன்றைய ஒலியையும் ஒரே நேரத்தில் காதுக்குக் கொடுத்தால் குழப்பம்தான் மிஞ்சும். படங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஆனால் படம் இருந்தால் போதாது, படிக்க வேண்டும். மனிதப் பேச்சின் ஒலிவரைபடத்தைப் பார்த்து, என்ன பேசினார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனத்தைச் சேர்ந்த விக்டர் ஜூ 1970களில் பல ஆண்டுகள் விடாமல் பழகி, முன்பின் பார்த்திராத வரைபடங்களிலிருந்து சொற்களைப் படித்துக் காட்டினார். கோடுகளில் இல்லாத எதையும் அவர் கண்டுபிடிக்கவில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தை சில ஆண்டுகளில் சரளமாகப் படிப்பதைப் போன்றதுதான் இதுவும்.

இனி கடலுக்குப் போவோம். எனக்கு மிகப் பிடித்த கதை அங்கேதான் இருக்கிறது.

பெர்முடா தீவுக்கு அருகே அமெரிக்கக் கடற்படைக்காக நீருக்கடியில் ஒலி பதிவு செய்துகொண்டிருந்தவர் பிராங்க் வாட்லிங்டன். கருவியில் அடிக்கடி விசித்திரமான நீண்ட ஓலங்கள் விழுந்தன. கூன்முதுகுத் திமிங்கிலங்களின் குரல்கள் அவை. 1960களின் பிற்பகுதியில் அந்த நாடாக்களை ரோஜர் பெய்ன், கேட்டி பெய்ன் தம்பதியருக்குப் போட்டுக் காட்டினார். ரோஜர் உயிரியலாளர். கேட்டி இசையும் உயிரியலும் படித்தவர். முதல்முறை கேட்டபோது கண்ணீர் வழிந்தது என்று கேட்டி பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். இதைச் சிறிய விஷயமாக நான் நினைக்கவில்லை. காது முதலில் உருகாவிட்டால், அடுத்துச் செய்ய வேண்டிய சலிப்பூட்டும் வேலைக்கு யாரும் உட்கார மாட்டார்கள்.

அந்தச் சலிப்பூட்டும் வேலை ஒலிவரைபடங்களைப் பார்ப்பது. ரோஜர் பெய்னும் ஸ்காட் மெக்வேயும் அந்தப் படங்களை வைத்து எழுதிய கட்டுரை 1971இல் சயின்ஸ் இதழில் வந்தது. காதுக்கு முனகலும் பிளிறலுமாகக் கலந்து கேட்டது, படத்தில் ஒழுங்கான வரிசையாகத் தெரிந்தது. சிறு அலகுகள் சேர்ந்து ஒரு தொடர். ஒரே தொடர் திரும்பத் திரும்ப வந்து ஒரு பகுதி. பகுதிகள் ஒரே வரிசையில் அடுக்கப்பட்டு முழுப் பாட்டு. ஏழு நிமிடம் முதல் அரை மணி நேரம் வரை ஓடி, முடிந்ததும் முதலிலிருந்து மீண்டும் தொடங்குகிறது. அவ்வளவு நீளமான ஒன்று திரும்ப வருகிறது என்பதைக் காதால் மட்டும் பிடிப்பது கடினம். பாட்டின் தொடக்கம் நினைவிலிருந்து நழுவியிருக்கும். கண் தாளில் பின்னோக்கிப் போய்ப் பார்க்கும். “பாட்டு” என்ற சொல்லை அறிவியல் இதழில் துணிந்து எழுத முடிந்தது அந்தத் தாள்களின் பலத்தில்தான்.

கேட்டி பெய்ன் அங்கே நிற்கவில்லை. ஆண்டு ஆண்டாகச் சேர்ந்த பதிவுகளை வரைபடங்களாக்கி ஒப்பிட்டபோது, ஒரு கடற்பகுதியில் உள்ள ஆண் திமிங்கிலங்கள் எல்லாம் ஒரே பாட்டைப் பாடுகின்றன என்பதும், அந்தப் பாட்டு சிறிது சிறிதாக மாறிக்கொண்டே போகிறது என்பதும், மாற்றத்தை எல்லாத் திமிங்கிலங்களும் சேர்ந்தே ஏற்றுக்கொள்கின்றன என்பதும் தெரிந்தது. 1988இல் லிண்டா கினியுடன் சேர்ந்து இன்னொன்றைக் காட்டினார். பாட்டு நீளமாகவும் பல பகுதிகள் உடையதாகவும் இருக்கும்போது, வெவ்வேறு பகுதிகளில் உள்ள தொடர்கள் ஒரே மாதிரியான ஒலியோடு அமைகின்றன. எளிய பாட்டுகளில் அது அரிது. நமக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. நூறு வெண்பாக்களை மனப்பாடமாகச் சொல்லும் பெரியவர் அடுத்த அடியை எப்படிப் பிடிக்கிறார்? எதுகையைப் பிடித்துக்கொண்டுதான். நினைவுக்குக் கைப்பிடியாகத் திமிங்கிலமும் எதுகையைப் போன்ற ஒன்றை வைத்திருக்கலாம் என்பது அவர்களின் கருத்து. கவிதையைக் காதால் அறிந்திராத ஒருவருக்குத் தாளில் உள்ள அந்த ஒற்றுமை வெறும் கோடாகத்தான் இருந்திருக்கும்.

1970இல் வெளியான திமிங்கிலப் பாட்டு இசைத்தட்டு உலகெங்கும் ஒலித்தது. திமிங்கில வேட்டைக்கு எதிரான இயக்கத்துக்கு அது குரல் கொடுத்தது. வணிக வேட்டைக்குத் தடை 1982இல் முடிவாகி 1986இல் நடைமுறைக்கு வந்தது.

அடுத்தது யானை. 1984 மே மாதம் கேட்டி பெய்ன் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகர உயிரியல் பூங்காவில் ஆசிய யானைகளின் அருகே ஒரு வாரம் இருந்தார். அவ்வப்போது காற்றில் ஒரு துடிப்பு. தொலைவில் இடி இடிப்பது போல, ஆனால் ஓசை இல்லை. ஊருக்குத் திரும்பும் விமானத்தில் அவருக்குப் பழைய நினைவு ஒன்று வந்தது. சிறு வயதில் தேவாலயப் பாடகர் குழுவில், பெரிய குழல் ஆர்கனின் பக்கத்தில் நின்று பாடியிருக்கிறார். ஆர்கன் கீழ்ச் சுருதிக்கு இறங்க இறங்க, ஒரு கட்டத்தில் ஓசை மறைந்து காற்றின் அதிர்வு மட்டும் உடம்பில் படும். பூங்காவில் உணர்ந்ததும் அதே அதிர்வு. பள்ளிப் பாடநூலில் ‘குற்றொலி’ என்று படித்திருப்போம்: 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே, மனிதக் காதுக்கு எட்டாதது.

அதே ஆண்டில் ஒலிப்பதிவுக் கருவிகளோடு திரும்பிப் போனார். பதிவை வேகமாக ஓட்டினால் சுருதி ஏறும். இரு மடங்கு வேகத்தில் ஒரு ஸ்தாயி மேலே போகும். அப்படி ஓட்டியபோது, மௌனமாக இருந்த நாடாவிலிருந்து யானைகள் பேசின. கான்கிரீட் சுவரின் இரு பக்கமும் நின்றிருந்த ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சுவர் வழியாகப் பேசிக்கொண்டிருந்தன. 1986இல் வெளியான கட்டுரை கணக்குச் சொல்கிறது: 14 முதல் 24 ஹெர்ட்ஸ் வரை, ஒவ்வொரு குரலும் 10 முதல் 15 விநாடி. அதோடு கண்ணுக்குத் தெரிந்த ஒரு தடயமும் உண்டு. குரல் எழும் நேரத்தில் யானையின் நெற்றித் தோல் படபடவென்று துடித்தது. உடம்பு உணர்ந்தது, இசை நினைவு அடையாளம் சொன்னது, கண் நெற்றியைப் பார்த்தது, வரைபடம் உறுதி செய்தது. இதில் எது எந்தத் துறை என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

இங்கே நம்மவர் ஒருவரைச் சொல்லியே ஆக வேண்டும். யானைகள் நம் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியால் தொடர்புகொள்கின்றன என்பதை அதற்கு முன்பே, 1972இல், தன் களஆய்வின் வழியாக முன்வைத்தவர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1912இல் பிறந்தவர். 1950 முதல் 1996இல் மறையும் வரை 46 ஆண்டுகள் ஒரே நாளிதழ்ப் பத்தியில் இயற்கையைப் பற்றி எழுதினார். தமிழிலும் எழுதினார். கட்டுரைகளுக்குத் தானே கோட்டோவியம் வரைந்தார். பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தனக்கென்று ஒரு கருவியை அமைத்துக்கொண்டு காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தார். அவரிடம் ஒலிவரைபடக் கருவி இல்லை. கோடு வரைவதற்காக ஒரு விலங்கை மணிக்கணக்காகப் பார்க்கும் பழக்கம் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கேட்கும் பழக்கமும் இருந்தது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் குற்றொலிப் பாடத்தின் ஓரத்தில் அவர் பெயரை ஒரு வரி சேர்த்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

இதே படிப்பு வேறெங்கெல்லாம் செல்லும் என்பதற்கு இரண்டு இடங்களை மட்டும் தொட்டுச் செல்கிறேன். தோடி ராகத்தின் காந்தாரத்தைச் சுரக்குறிப்பில் ‘க’ என்று ஓர் எழுத்தில் எழுதிவிடுகிறோம். நல்ல வித்வான் பாடுவதை வரைபடத்தில் பாருங்கள்: அந்த ‘க’ ஓரிடத்தில் நிற்பதே இல்லை, கீழே உள்ள ரிஷபத்துக்கும் மேலே உள்ள மத்தியமத்துக்கும் இடையே அலையாக ஊசலாடுகிறது. குரு வாயால் பாடிக் காட்டினால்தான் வரும் என்று ஏன் சொன்னார்கள் என்பது அந்த அலையைப் பார்த்தால் புரிந்துவிடும். இன்னொன்று வானியல். 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் லைகோ ஆய்வகங்கள் முதல் ஈர்ப்பலையை, அதாவது வெளியையே அதிரவைத்துப் பரவும் அலையை, பிடித்தன. இரண்டு கருந்துளைகள் சுழன்று ஒன்றான நிகழ்வு அது. வரைபடத்தில் அது 35 ஹெர்ட்ஸில் தொடங்கி ஏறக்குறைய 250 ஹெர்ட்ஸ் வரை, சுமார் ஐந்தில் ஒரு விநாடியில் மேல்நோக்கி வளையும் ஒரு கோடு. அறிவியலாளர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் ‘கீச்சு’. குருவியின் ஏறு சுருதியை வரைபடத்தில் பார்த்த எவருக்கும் அந்தக் கோடு பழக்கமானது.

எங்கள் மாடியில் திறந்திருந்தது அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலி. அதன் ஒலி அறியும் வசதி 2021இல் வந்தது. அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தபோது நான் வியந்துபோனேன். பறவையின் குரலை முதலில் ஒலிவரைபடமாக மாற்றிக்கொள்கிறது. பிறகு அந்தப் படத்தைப் பார்த்து, புகைப்படத்தில் முகத்தை அடையாளம் காண்பதைப் போல, இது இன்ன பறவை என்கிறது. அதாவது அந்த இயந்திரம் கண்ணால் கேட்கிறது. அதற்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர்கள் மனிதர்கள். ஆயிரக்கணக்கான பதிவுகளைக் கேட்டு, வரைபடத்தில் ஒவ்வொரு குரலையும் சுற்றிக் கட்டம் போட்டுப் பெயர் எழுதியவர்கள். கார்னெலின் யானைத் திட்டத்திலும் இதே வேலை நடக்கிறது. காங்கோ குடியரசின் நுவாபாலே நிடோக்கி தேசியப் பூங்காவில் சுமார் 1,250 சதுர கிலோமீட்டர் மழைக்காட்டில் 50 ஒலிப்பதிவுக் கருவிகளை வைத்திருக்கிறார்கள். அடர்ந்த காட்டில் யானையைக் கண்ணால் பார்ப்பது அரிது. அதன் குரல் வரைபடத்தின் அடியில் படுத்த கோடுகளாக வந்துவிடும். வேட்டைக்காரனின் துப்பாக்கிச் சத்தமும் வரும். அது மேலிருந்து கீழ்வரை செங்குத்தாக ஒரு கோடு.

பெயரைச் செயலியே சொல்லிவிட்டால் போதும் என்று விட்டுவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பெயர் வந்ததும் பார்ப்பதும் நின்றுவிடுகிறது, கேட்பதும் நின்றுவிடுகிறது. ஆகவே எங்கள் மாடியில் ஒரு விதி வைத்தோம். முதலில் கண்ணை மூடிக் கேட்க வேண்டும். கேட்டதை நோட்டில் கோடாக வரைய வேண்டும். உயர்ந்த சுருதி தாளின் மேலே, தாழ்ந்தது கீழே. அதன் பிறகுதான் கைப்பேசி.

முதல் நாள் காக்கைக்கு அவள் ஒற்றைத் தடித்த கோடு போட்டாள். செயலி ஏழெட்டுக் கோடுகளை அடுக்காகக் காட்டியது. “ஒரே காக்கைக்குள் இவ்வளவு பேரா?” என்று கேட்டாள். மறுபடியும் கேட்கச் சொன்னேன். சிறிது நேரம் கழித்து, கரகரப்பு என்பது இதுதானா என்றாள். அணிலுக்கு மேலே வரிசையாகக் குத்துக்கோடுகள் வரைந்திருந்தாள், ஏறக்குறைய சரி. மூன்றாம் நாள் தோட்டத்து மூங்கில் புதரிலிருந்து செம்போத்தின் குரல் வந்தது. நோட்டைத் தலைகீழாகத் திருப்பிக்கொண்டு, தாளின் விளிம்பை ஒட்டி வட்ட வட்டமாகப் போட்டுக்கொண்டே போனாள். இவ்வளவு கீழே ஏன் என்று கேட்டேன்.

“அது குடத்துக்குள்ளிருந்து கூப்பிடுகிறது மாமா. இதற்கும் கீழே போக வேண்டும். தாள் தீர்ந்துவிட்டது.”